பதினான்கு கிலோமீட்டர் என்றாள் அண்ணி

அண்ணி பேருந்தில் நடத்துனராக இருபத்தொன்பது வருடம் நின்றாள். நான் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தேன். நின்றவளுக்கு முழங்கால் போயிற்று, உட்கார்ந்தவளுக்கு இடுப்பு போயிற்று. இப்படி ஆளுக்கொரு உதிரிபாகம் கழன்ற இரண்டு பேர், ஆற்றோரமாகவே நடந்து கடல் வரைக்கும் போகிறோம் என்று கிளம்பினால் ஊர் என்ன சொல்லும்? சொல்லிற்று. அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பேருந்து கொள்ளாத பேச்சை வருடக்கணக்காகக் கேட்ட காது அது. எதை உள்ளே விடுவது, எதைப் படியிலேயே இறக்கிவிடுவது என்று அதற்குத் தெரியும்.

நடக்கிற ஆசைக்கு அவள் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய ரூட் மேட்டு ஊரிலிருந்து துறைமுகம் வரை ஐந்து மணி நேரம். வழியில் ஆற்றை ஏழு பாலங்களில் கடக்கும்.

"ஏழு பாலத்துலயும் அரை அரை நிமிஷம் ஆத்தைப் பார்த்திருக்கேன். அதுவும் டிக்கெட் கிழிச்சிக்கிட்டே, யார் தோளுக்கு மேலயாவது. துண்டு துண்டா பார்த்தே ரிட்டயர் ஆயிட்டேன். முழுசா ஒரு தடவை பார்க்கணும்" என்றாள்.

ஒன்பது நாள் திட்டம். இரவு தங்க ஒவ்வொரு ஊரிலும் அவளுடைய பழைய பயணி ஒருத்தி இருந்தாள். டீச்சர், நர்ஸ், வங்கியில் வேலை பார்த்தவள். எல்லாருமே ஒரு காலத்தில் அவளிடம் "உள்ள போம்மா, உள்ள போ" என்று திட்டு வாங்கியவர்கள்.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே திசையில் நடப்பதே அதிசயம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதிசயமெல்லாம் ஒன்றுமில்லை. நான் போனது அண்ணியின் மகன் அனுப்பி. கேட்கவே அசிங்கமாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அவன் என் அண்ணன் மகன், எனக்கு மருமகன். கெட்டவன் இல்லை, பயந்தவன். அதே டிப்போவில் பன்னிரண்டு வருடமாக டிரைவர். அதில் மூன்று வருடம் அவன் ஓட்டிய வண்டிக்கு அம்மாவே நடத்துனர். வண்டியில் அம்மாவும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. அவ்வளவுதான் அவர்களுக்குள் பாஷை. சிவப்பு விளக்குக்கு நிற்காதவன்கூட அவள் விசிலுக்கு நிற்பான் என்று டிப்போவில் கேலி பேசுவார்கள்.

போன வருடம் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் அவள் தனி. காலை ஏழு மணிக்கு விழுந்தவளை, டியூட்டி முடித்து மதியம் ஒரு மணிக்கு வந்த மகன்தான் தூக்கினான். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் கிடையாது. தன் வீட்டு மாடி அறையில் கட்டில் போட்டான், ஜன்னலுக்குத் திரை மாட்டினான். திரையைத் தைத்துக் கொடுத்தவள் நான்தான். அண்ணி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் கிளம்பிய அன்று அவன் என்னைத் தனியே கூப்பிட்டு, "அத்தை, அம்மா வீட்டு மாத்துச் சாவி உங்ககிட்ட இருக்குல்ல? குடுங்க. செடிக்குத் தண்ணி ஊத்தணும்" என்றான். கொடுத்தேன். தினமும் சாயங்காலம் போன் பண்ணி அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொன்னான். சொன்னேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

மூன்றாம் நாள் சாயங்காலம் முழங்கால் வீங்கிவிட்டது என்று சொன்னதும் அவன் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். தங்கியிருந்த நர்ஸ் வீட்டுச் சமையலறையில் அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, போதும்மா. நாளைக்குக் கார் எடுத்துட்டு வர்றேன். ஏறிடு."

"மாட்டேன்."

"சரி, பந்தயம் வெச்சுக்கலாம். நாளைக்கு ஆறு மணிக்குள்ள நீ பெரிய பாலத்துக்கு நடந்து வந்துட்டேன்னா, நடக்கறதைப் பத்தியும் நான் பேச மாட்டேன், மாடி ரூமைப் பத்தியும் பேச மாட்டேன். சாகற வரைக்கும் பேச மாட்டேன். வரலேன்னா வண்டியில ஏறி நேரா என் வீட்டுக்கு வரணும். அங்கதான் இருக்கணும்."

அண்ணி யோசிக்கவே இல்லை. "பெரிய பாலம் இங்கேருந்து பதினாலு கிலோமீட்டர். ஊர்ந்து போனாலும் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்துருவேன். வெச்சுக்கடா பந்தயம்!"

அந்தப் பதினான்கில்தான் எல்லாம் இருந்தது.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினோம். நர்ஸ் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள். நான் பழைய எலாஸ்டிக் பட்டையை இரண்டு மடிப்பாகத் தைத்து முழங்காலுக்கு உறை செய்து கொடுத்திருந்தேன். அதை இழுத்து மாட்டிக்கொண்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதினாள். நாலு நாளும் இதே கூத்துதான். நிற்க ஒன்று, கிளம்ப இரண்டு. கிளம்பும்போது யாராவது விட்டுப்போனார்களா என்று திரும்பி வேறு பார்ப்பாள். இருப்பது நான் ஒருத்தி.

பாதை ஆற்றங்கரையின் மேல் ஓடியது. ஓர் ஆள் தாராளமாக நடக்கலாம், இரண்டு பேர் உரசிக்கொண்டுதான் நடக்கலாம். இடது பக்கம் நாணல், அதற்கு அப்பால் ஆறு. வலது பக்கம் பம்பு செட்டுகளும் செங்கல் சூளைகளும். அண்ணி வேகமாக நடப்பவள் இல்லை. கால்களை அகட்டி, ஓடுகிற வண்டியில் நிற்பவள் மாதிரி நடப்பாள். எதிரே சைக்கிளில் யாராவது வந்தால் அவள் ஒதுங்க மாட்டாள். "ஓரமா, ஓரமா" என்று அவர்களை ஒதுக்குவாள். அவர்களும் ஒதுங்குவார்கள். அந்தக் குரலுக்கு ஒதுங்காதவர் யார்?

ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இங்கே இவ்வளவு அகலமா என்பாள். தண்ணீர் இந்த இடத்தில் பின்னோக்கிப் போகிறது பார் என்பாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நாளில்கூட முறைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

பன்னிரண்டரை மணிக்கு ஒரு நீரேற்று நிலையம் வந்தது. ஒரு விசில். வாசலில் பம்பு ஆபரேட்டர் சட்டை இல்லாமல் நின்று தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு, உட்கார பெஞ்சு காட்டினார்.

"பெரிய பாலம் இன்னும் அஞ்சு கிலோமீட்டர் இருக்கும்ல?" என்று அண்ணி முட்டையை உரித்தபடி கேட்டாள்.

"அஞ்சா? பதினாலும்மா!"

"பதினாலு காலையில. இப்ப அஞ்சு."

"அம்மா, நான் இங்க பதினெட்டு வருஷமா பம்பு ஓட்டறேன். ரோடு நேரா போகும். ஆறு இந்த இடத்துல ரெண்டு பெரிய வளைவு போட்டுட்டுத்தான் போகும். ரோட்டு வழியா நீங்க சொல்ற கணக்கு சரி. கரை வழியா இன்னும் பதினாலு."

அண்ணியின் கையில் முட்டை அப்படியே நின்றது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் ஒன்பது நாள் திட்டத்தையும் போட்டது எந்த வரைபடத்தைப் பார்த்தும் அல்ல. இருபத்தொன்பது வருடமாக மனப்பாடமாக இருக்கும் டிக்கெட் ஸ்டேஜ் பட்டியலை வைத்து! நர்ஸ் வீட்டு நிறுத்தத்திலிருந்து பெரிய பாலம் நிறுத்தம் வரை பதினான்கு கிலோமீட்டர். பேருந்துக்கு. முதல் மூன்று நாளும் ஆறும் ரோடும் ஒட்டி ஓடியதால் தப்பு தெரியவில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. ஆற்றோரம் நடக்கப் போகிறவள் ஆற்றை அளக்க மாட்டாளா?

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவாங்க. நீங்க ரோட்டுல அளந்து ஆத்துல போட்டுட்டீங்களே அண்ணி!" என்றேன்.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றாள். சிரிக்கவில்லை. முட்டையை இரண்டே வாயில் விழுங்கினாள்.

ஆபரேட்டர் தண்ணீர் கொண்டுவரப் போனார். அவருடைய செடிகளை அண்ணி முறைத்துப் பார்த்தாள்.

"எப்படித்தான் இதையெல்லாம் வளர்க்கறாங்களோ. எனக்கு ஆகவே ஆகாது. எங்க வீட்டுல ஒரு புல்லாவது பார்த்திருக்கியா நீ?"

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். அந்த வீட்டில் செடி ஏது? முப்பது வருடமாகப் போய்வருகிற எனக்கு அது தெரியாதா? சாவியைக் கொடுத்தபோது ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்கும். நான்தான் அதை உள்ளே விட்டிருக்க மாட்டேன். அந்தச் சாவியை வைத்துக்கொண்டு அவன் இந்நேரம் அங்கே என்ன செய்துகொண்டிருப்பான்? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் இரண்டு விசில் ஊதிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது நடை இல்லை. ஐந்தரை மணி நேரத்தில் பதினான்கு கிலோமீட்டர், வீங்கிய முழங்காலோடு. பேச்சு நின்றது. ஆற்றைக் காட்டுவது நின்றது. அரை மணிக்கு ஒருமுறை ஒரு விசில், இரண்டு நிமிடம், மறுபடி இரண்டு விசில். முதல் வளைவைச் சுற்றி முடிக்கவே மூன்று மணி ஆகிவிட்டது. நேர் எதிரே வயலுக்கு அப்பால் ரோட்டில் பேருந்து போவது பொம்மை மாதிரி தெரிந்தது. அவளுடைய ரூட் வண்டிதான்.

"பத்து நிமிஷத்துல பாலத்துல இருப்பான்" என்றாள். பொறாமையா ஏக்கமா தெரியவில்லை.

சூளைகள் நெருங்கிய இடத்தில் கரை வண்டிப்பாதையாக அகன்றது. நாலு மணிக்குச் செங்கல் ஏற்றிய ஒரு மினி லாரி கரைமேல் எங்கள் பின்னால் வந்து நின்றது. டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். தலையை நீட்டிப் பார்த்தவன், "விசிலம்மா!" என்று கத்தினான். காலேஜ் படித்த மூன்று வருடமும் அவளுடைய வண்டியில் போனவனாம்.

"ஏறுங்கம்மா. பாலத்துக்கிட்டதான் லோடு இறக்கறேன். கால் மணி நேரம்."

நான் பாதி ஏறிவிட்டேன். குற்ற மனசு எனக்கு. எப்படியாவது ஆறு மணிக்குள் இவள் போய்ச் சேர்ந்துவிட்டால் நான் பண்ணின பாவம் கழிந்துவிடும் என்று கணக்கு.

"இறங்கு" என்றாள் அண்ணி.

"யாருக்கு அண்ணி தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல?" டிரைவரைப் பார்த்துக் கேட்டாள். "ஏம்ப்பா, என் வண்டியில யாராவது டிக்கெட் இல்லாம போயிருக்காங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். "நான் ஒரு தடவை போயிருக்கேம்மா. பரீட்சை அன்னைக்கு. கூட்டத்துல நீங்க கவனிக்கல."

அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இருபது வருஷம் கழிச்சு சொல்றான் பாரு. அதான் பரீட்சையில கோட்டை விட்டு செங்கல் ஏத்தறே. போ!"

அவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நடந்து வரணும்னுதான் பந்தயம். ஏறிப் போய் ஜெயிச்சா அவன் தோக்கல, நான்தான் தோத்தேன்" என்று அண்ணி சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். வலது காலை இழுத்து இழுத்து வைத்தாள். முன் வைத்த காலைப் பின் வைக்காதவள் என்று ஊரில் பேர். முன் வைக்கவே அன்று அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவளுடைய வீம்பின் மேல் எனக்கு முப்பது வருடமாகக் கோபம். அந்தச் சாயங்காலம், அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது, அது போய்விட்டது. என் மேல்தான் கோபம் வந்தது.

பாலம் கண்ணில் பட்டபோது ஐந்து ஐம்பது. இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஓட முடியுமா? ஓடிப் பார்த்தாள். நாலு எட்டு. அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசில் அடிக்கக்கூட மூச்சு இல்லை.

பாலத்தடிக்கு நாங்கள் போனபோது மணி ஆறு இருபத்தைந்து. வெளிச்சம் இன்னும் இருந்தது. மருமகன் தன் நண்பனுடைய நீல நிறக் காரை ஓரமாக நிறுத்தி, அதில் சாய்ந்து நின்றான். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து அம்மாவின் பையை வாங்கினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"என்னம்மா இது, கால் இப்படி... ஏம்மா இப்படிப் பண்றே?"

"மணி என்னடா?"

"அதெல்லாம் விடும்மா."

"மணி என்ன?"

"ஆறே கால் தாண்டிருச்சு."

அண்ணி தலையை ஆட்டினாள். "தோத்துட்டேன். தப்பு என்னோடது. ரோட்டை அளந்துட்டு ஆத்துல நடந்தேன்." ஒரு வார்த்தை கூடவோ குறையவோ பேசவில்லை. "சொன்னா சொன்னதுதான். வண்டியில ஏறறேன்."

அவன் டிரைவர் இருக்கைக்குப் போய் இஞ்சினைப் போட்டான். அண்ணி நொண்டிக்கொண்டே போய்ப் பின்கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

பின்சீட் நிறைய அவளுடைய வீடு இருந்தது. சுருட்டிக் கட்டிய மெத்தை. குக்கர். ஐந்து நிமிடம் முன்னால் ஓடும்படி அவள் வைத்திருந்த சுவர்க் கடிகாரம். எல்லாவற்றுக்கும் மேலே, வாசல் கதவில் இருந்த பெயர்ப் பலகை. அவள் பெயரும், கீழே 'நடத்துனர் (ஓய்வு)' என்றும் எழுதியது. ரிட்டயர் ஆன மறுநாள் ஸ்டூலில் ஏறி அவளே மாட்டியது. அதன் நாலு ஸ்க்ரூக்களையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, பலகையோடு ஒட்டியிருந்தான். எதையும் தொலைக்காத பிள்ளை.

"இதை எப்பக் கழட்டினே?"

அவன் முன்னால் பார்த்தபடியே சொன்னான். "காலையிலம்மா. ஒண்ணாம் தேதி அந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வர்றாங்க."

"பந்தயம் ஆறு மணிக்கு. நான் ஜெயிச்சிருந்தா?"

"எப்படிம்மா ஜெயிப்பே? அந்தக் காலை வெச்சுக்கிட்டு?"

அங்கே நான் வாயைத் திறந்தேன். இப்போது திறக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. "சாவி குடுத்தது நான்தான் அண்ணி. செடிக்குத் தண்ணி ஊத்தணும்னு கேட்டான்."

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பேருந்தில் படியில் தொங்குகிறவன் தானாக இறங்கிவிடுவான். குனிந்து, ஓட்டுகிறவனின் முதுகைப் பார்த்துப் பேசினாள். உரக்கப் பேசவில்லை.

"பந்தயத்துல மட்டும் தோத்திருந்தா வந்திருப்பேன்டா. சத்தியமா வந்திருப்பேன். ஆனா நீ ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழிச்சு வெச்சிருக்கே. அது எந்த ரூட்லயும் செல்லாது."

"நீ விழுந்து கிடந்தியேம்மா! ஆறு மணி நேரம்! எனக்குப் பயமா இருக்கும்மா" என்றான் அவன். குரல் உடைந்தது.

"தெரியும். உன்னை அஞ்சு வயசுல பூட்டின வீட்டுல விட்டுட்டு டியூட்டிக்குப் போனேனே, எனக்குப் பயமா இல்லையா? வயித்துல பயத்தை வெச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு ட்ரிப்பும் போனேன். உன்னை யார் வீட்டுலயும் கொண்டு போய் அடைக்கல. பயம் உன்னோடது, நீ வெச்சுக்கோ. வீடு என்னோடது."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்த இடத்துல வை. பலகையை மட்டம் பார்த்து மாட்டு, போன தடவை நான் கோணலா மாட்டிட்டேன். வர்றவங்ககிட்ட வீடு இல்லைன்னு சொல்லிடு. ஒன்பதாம் நாள், இல்ல, பத்தோ பதினொண்ணோ ஆகும், துறைமுகத்துக்குச் சாவியோட வா."

தன் பையை எடுத்துத் தோளில் போட்டாள். கதவை அறைந்து சாத்தினாள். இரண்டு எட்டுப் பின்னால் போய், வண்டியின் பின்பக்கத்துக்கு நேராக, எப்போதும் நிற்கிற மாதிரி கால்களை அகட்டி நின்று, விசிலை வாயில் வைத்தாள்.

இரண்டு விசில்.

கார் கிளம்பிவிட்டது! பன்னிரண்டு வருடப் பழக்கம், அவன் கால் அவனைக் கேட்கவில்லை. இருபது அடி போன பிறகுதான் அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். பிரேக் போட்டான். குக்கர் எதிலோ மோதுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தான். முகம் ஐந்து வயதுப் பிள்ளை முகமாக இருந்தது.

"அம்மா!"

அண்ணி அசையவில்லை. அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. மறுபடி இரண்டு விசில் அடித்தாள்.

இந்த முறை அவன் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக ரோட்டில் ஏறி, வந்த வழியே போனான்.

நான் பாதையோரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். என்னை என்ன செய்யப் போகிறாளோ என்று இருந்தது. அண்ணி எலாஸ்டிக் உறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, வழக்கம்போல யாராவது விட்டுப்போனார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"என்ன முழிக்கறே? உள்ள வா" என்றாள்.

அன்று தங்கவேண்டிய டீச்சர் வீடு பாலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. செருப்பைக் கழற்றும் முன்பே அண்ணி அவரிடம் கேட்ட முதல் கேள்வி, அடுத்த ஊர் ஆற்று வழியாக எவ்வளவு தூரம் என்பதுதான்.